ஏரோபோனிக்ஸ் டிரம்மில் வேர் பழுப்பாவது தண்ணீர் போதாமலா?

ஏரோபோனிக்ஸ் என்றால் மண்ணில்லாமல் வேரைக் காற்றில் தொங்கவிட்டு, ஊட்டக் கரைசலைப் பனி போலத் தெளித்து வளர்ப்பது. உங்கள் அமைப்பை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மொட்டை மாடி, 60 லிட்டர் நீல டிரம், அதன் அடியிலேயே 20 லிட்டர் ஊட்டக் கரைசல், 24 வோல்ட் ஆர்.ஓ. பம்ப், நான்கு பிளாஸ்டிக் ஃபாகர் (கரைசலைப் பனியாகத் தெளிக்கும் முனை), பிளக்கில் செருகும் டைமர். பதினைந்து நிமிடம் ஓடும், பதினைந்து நிமிடம் நிற்கும். பாலக்கும் லெட்யூஸும் முதல் பத்து நாள் வெள்ளை வேர் விட்டன. மூன்றாவது வாரம் வேர் பழுப்பாகி வழவழக்கிறது, உச்சி வெயிலில் இலை துவள்கிறது. “தெளிப்பை நிறுத்தாமல் ஓடவிட்டால் சரியாகுமா, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிமிடக் கணக்கு பிறகு வருகிறது. அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: ஈரத்தில் தொங்கும் வேர் ஏன் தண்ணீரை இழுக்கவில்லை?

இலை துவண்டால் தாகம் என்று எடுத்துக்கொள்வது மண்ணில் பழகிய கண். வேர் தண்ணீரை இழுக்க சக்தி வேண்டும், அந்தச் சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். நனைந்த வேர் மூச்சுத் திணறினாலும் இலை துவளும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 9 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். அதே 30 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றில் இருப்பது சுமார் 270 மில்லிகிராம். போதாததற்கு, காற்றில் நகர்வதைவிடத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாக நகரும். வேரின் மேல் மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருந்தால் இது ஒரு பொருட்டில்லை. பதினைந்து நிமிடம் விடாமல் தெளித்தால் படலம் தடித்து, வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரத்தலை முடி போலக் கற்றையாகிவிடும். கற்றையின் உள்பக்கம் காற்றே போகாது. அதன்பின் வரும் பதினைந்து நிமிட நிறுத்தத்தில் வெளிப்பக்கத் தூவிகள், அதாவது வேரின் மேல் உள்ள மெல்லிய முடிகள், காய்கின்றன. உங்கள் வேர் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை மூழ்கி, இரண்டு முறை வறள்கிறது. நிறுத்தாமல் ஓடவிட்டால் வறட்சி போகும், மூழ்கல் நிரந்தரமாகும். ஆகவே அதைச் செய்யாதீர்கள்.

பதினைந்து நிமிடம் என்ற எண் செடியைப் பார்த்து வந்ததல்ல, டைமரைப் பார்த்து வந்தது. பிளக்கில் செருகும் சுழல் டைமர்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தபட்சப் படியே பதினைந்து நிமிடம்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு, நொடிக் கணக்கில் ஓட்டமும் நிறுத்தமும் தனித்தனியாக வைக்கக்கூடிய சைக்ளிக் டைமர் வாங்குங்கள். 12 வோல்ட் ரிலே போர்டாகவும் கிடைக்கிறது, பேனல் போர்டில் மாட்டும் வகையாகவும் எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. பம்ப் நேராக ஃபாகருக்குப் போகும் உங்கள் இப்போதைய அமைப்பில் 20 முதல் 30 நொடி தெளிப்பு, 4 நிமிடம் நிறுத்தம் என்று தொடங்கலாம். இரவில் இலை அதிகம் நீர் விடாது; நிறுத்தத்தை 8 நிமிடம் வரை நீட்டலாம். பிரஷர் டேங்கும், மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும் சேர்த்தபின் 3 முதல் 5 நொடி தெளிப்பே போதும்.

இந்த எண்கள் தொடக்கப் புள்ளிகள்தான். உங்கள் டிரம்மின் சூடு, வேரின் அடர்த்தி, அன்றைய வெயில் ஆகியவற்றைப் பொறுத்து மாறும் கணக்கை வெளியிலிருந்து யாரும் சரியாகச் சொல்ல முடியாது. வேர்தான் சொல்லும். அடுத்த தெளிப்புக்கு ஐந்து நொடி இருக்கும்போது மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். நுனிகளில் இன்னும் துளி தொங்கிக்கொண்டிருந்தால் ஈரம் அதிகம். நிறுத்தத்தை அரை நிமிடம் கூட்டுங்கள். தூவிகள் படிந்து, நுனி மஞ்சளாக மங்கியிருந்தால் காய்கிறது, குறையுங்கள். துளி எதுவும் தொங்காமல், அதே சமயம் தூவிகள் பஞ்சு போல நிமிர்ந்து மினுங்கினால் அதுதான் சரியான இடம். ஓட்ட நேரத்தைத் தொடாமல் நிறுத்த நேரத்தை மட்டும் மாற்றிப் பழகுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நாற்று வைத்த முதல் வாரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது வேர், செடியைத் தாங்கும் வலைக்கிண்ணத்தின் அடியை விட்டு இறங்கியிருக்காது, பனி அதை எட்டாது. அந்த நாட்களில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தெளித்தாலும் கெடுதல் இல்லை.

அடுத்தது அழுத்தம். பம்பின் மேல் 100 ஜி.பி.டி. (ஒரு நாளைக்கு இத்தனை காலன்) என்று போட்டிருப்பதை வைத்து நீரோட்டத்தைக் கணக்கிடாதீர்கள். அது எந்த அளவு மெம்பிரேனோடு (ஆர்.ஓ. வடிகட்டும் சவ்வு) பொருத்தலாம் என்பதற்கான எண். பம்பின் உண்மையான தரத்தை அறிய, வரிசையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, ஃபாகர்கள் ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சொட்டுநீர்ப் பாசனக் கடையில் விற்கும் ஒற்றை வாய் ஃபாகர் ஒவ்வொன்றும் 4 பார், அதாவது 58 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மணிக்குச் சுமார் ஏழரை லிட்டர் விடும். நான்குக்கும் சேர்த்து நிமிடத்துக்கு அரை லிட்டர். சிறிய ஆர்.ஓ. பம்ப் அந்த அளவைத் தொடர்ந்து தரத் திணறும். முள் 30, 35 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடும். அப்போது வருவது பனியல்ல, தூறல். துளி பெரிதானால் வேரில் ஒட்டாமல் வழிந்து இறங்கும், கற்றைக்குள் நுழையாது. உங்களிடம் முள் 50க்குக் கீழே நின்றால் இன்றே செய்யக்கூடியது இரண்டு ஃபாகரை அடைத்துவிடுவதுதான். நான்கு தூறலைவிட இரண்டு பனி மேல்.

நிலையான தீர்வு பிரஷர் டேங்க். வீட்டுக் குழாய்க்கு அழுத்தம் ஏற்றும் மோட்டாரோடு வரும், உள்ளே ரப்பர் பை உள்ள 24 லிட்டர் இரும்பு டேங்க் பொருத்தமானது. மேலே ஒட்டியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பழைய ஆர்.ஓ. கருவியில் இருந்து கழற்றிய பிளாஸ்டிக் டேங்கை இதற்கு வைக்க வேண்டாம், வெடித்தால் ஆபத்து. பிரஷர் சுவிட்ச் 60 பி.எஸ்.ஐ.யில் பம்பைத் தொடங்கி 80-இல் நிறுத்தட்டும். டேங்கின் காற்றழுத்தத்தை, உள்ளே தண்ணீர் இல்லாதபோது, சைக்கிள் பம்பால் 58-இல் வையுங்கள். தொடங்கும் அழுத்தத்தைவிட 2 குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த அளவில் 80-இலிருந்து 60க்கு இறங்குவதற்குள் டேங்க் ஏறக்குறைய 5 லிட்டர் தரும். நான்கு வாயும் ஐந்து நொடி திறந்தால் செலவாவது 45 மில்லி. அப்படியானால் பம்ப் ஓடாமலே நூறு தெளிப்பு. நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆறேழு மணி நேரம். டைமரும் சொலினாய்டும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடினால், பவர் கட் வந்து வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் செடி பிழைக்கும். டேங்க் இல்லாத அமைப்பில் மே மாத மதியம் ஒரு மணி நேர மின்வெட்டே தூவிகளைக் கருக்கப் போதும். அழுத்தம் ஏற இரண்டு மூன்று நொடி காத்திருக்கத் தேவையில்லை என்பது இன்னொரு லாபம்: திறந்த நொடியே பனி, மூடிய நொடியே நிற்கும். ஃபாகருக்கு முன்னால் சொட்டுத் தடுப்பு வால்வு போட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குழாயில் மிஞ்சியது சொட்டிக்கொண்டே இருக்கும்.

துளி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதில் பேச்சு அதிகம், உறுதி குறைவு. சுமார் 30 முதல் 80 மைக்ரான் நல்லது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சரியாக 50தான் வேண்டும், தாண்டினால் விளைச்சல் போய்விடும் என்பதை நான் ஏற்பதில்லை. கீரைக்கு 100 மைக்ரான் துளியிலும் நல்ல வேர் வரும், நிறுத்த நேரத்தை அதற்கேற்ப வைத்தால். மேசை நீரூற்றுகளில் புகை விடும் அல்ட்ராசோனிக் தட்டைப் பயன்படுத்தலாமா என்றால், நாற்றுக்கும் பதியனுக்கும் சரி, வளர்ந்த கீரைக்கு வேண்டாம். ஐந்து மைக்ரான் புகையில் வேர் முழுவதும் தூவியாகிப் பக்கவேர் குறையும். அதைவிட முக்கியம், அந்தத் தட்டு கரைசலைச் சூடாக்கும். உரத்தின் உப்பு அதன் மேல் படிந்து சீக்கிரம் செயலிழக்கும்.

உங்கள் டிரம்மில் நான் முதலில் சந்தேகிப்பது சூட்டைத்தான். கரைசல் 20 முதல் 24 டிகிரியில் இருப்பது நல்லது, 26 வரை சமாளிக்கலாம். 28ஐத் தாண்டினால் பித்தியம் என்ற அழுகல் நோய்க்கு இலை போட்டு அழைத்த மாதிரி. வெப்பத்தை விரும்பும் பித்தியம் வகைக்கு 30க்கு மேல்தான் கொண்டாட்டம். சூட்டில் வேர் மூச்சு விடுவது கூடும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். இரண்டு பக்கமும் இடி. நீல டிரம் வெயிலை விழுங்கும், மெல்லிய வெளிச்சத்தையும் உள்ளே விடும். வெளிச்சம் இருந்தால் பாசி, பாசி செத்தால் அழுகலுக்குத் தீனி. டிரம்மைச் சுற்றி ஒரு அங்குலத் தெர்மோகோல், அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அல்லது வெள்ளைச் சாக்கு. மூடியை மூடிப் பார்த்து, எங்காவது கீற்று ஒளி நுழைந்தால் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

கரைசலை டிரம்மின் அடியில் வைத்திருப்பதை மாற்றுங்கள். மூன்றாம் வாரத்தில் வேர் அங்கே எட்டிவிடும், அசையாத வெந்நீரில் நுனி கிடந்து அழுகும், அழுகியது பம்ப் வழியாக எல்லாச் செடிக்கும் போகும். டிரம்மின் அடியில் ஒரு பக்கம் தாழ்வாக 25 மில்லிமீட்டர் வடிகுழாய் வைத்து, நிழலில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தனித் தொட்டிக்கு இறக்குங்கள். வடிவாயின் மேல் கவிழ்த்த டீ வடிகட்டி ஒன்று வைத்தால் வேர் போய் அடைக்காது. தொட்டி பெரிதாக இருந்தால் சூடு ஏறுவதும் மெதுவாகும். 20 லிட்டருக்குப் பதில் 50 வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும். அவசரத்துக்கு, ஒரு லிட்டர் பாட்டிலில் உறைய வைத்த ஐஸ் 20 லிட்டர் கரைசலைச் சுமார் 5 டிகிரி இறக்கும். தெர்மோகோல் பெட்டிக்குள் தொட்டி இருந்தால்தான் அது நிற்கும். ஈரச் சாக்கு சுற்றுவது கோவை, மதுரை பக்கம் நன்றாக வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் பலன் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் மாடியில் லெட்யூஸை மட்டும் விட்டுவிடுங்கள் என்பேன். கரைசலைக் குளிர்வித்தாலும் இலை வெயிலில் கசந்து பூக்கப் பார்க்கும்.

பழுப்பு எல்லாமே அழுகல் அல்ல. இதை ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வேரை விரல்களுக்கிடையே பிடித்து மெதுவாக உருவுங்கள். மேல்தோல் உறை போல வழுக்கி வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால், கூடவே குட்டை நாற்றம் அடித்தால், அது அழுகல். உறுதியாக, நாற்றமில்லாமல், நிறம் மட்டும் தேநீர்க் கறை போல இருந்தால் அது இரும்புச் சத்தின் அல்லது ஹியூமிக் அமிலத்தின் கறை, பயப்பட ஒன்றுமில்லை. நுனி மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பழுத்துக் கருகி, மேலே வெள்ளையாக இருந்தால் உப்பு அதிகம் அல்லது வறட்சி. நீங்கள் “வழவழ” என்று எழுதியிருப்பதால் முதலாவதுதான் என்று ஊகிக்கிறேன்.

உரத்தைக் கூட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஏரோபோனிக்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேரின் மேல் நீர் சற்று ஆவியாகி உப்பு அங்கேயே அடர்கிறது. அதனால் தண்ணீரில் வேர் கிடக்கும் முறைகளைவிட இங்கே கரைசல் நீர்த்தே இருக்க வேண்டும். கீரைக்கு ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 0.8 முதல் 1.2 போதும், கோடையில் கீழ்ப்பக்கம். பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர்தான் கையில் உள்ளதென்றால், பெரும்பாலானவற்றில் அது 400 முதல் 600 வரை காட்டும். பி.எச். 5.5 முதல் 6.3 வரை. நீங்கள் போடும் 19:19:19 உரத்தை நிறுத்திவிடுங்கள். அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றித் தரும், உங்கள் டிரம்மில் அந்த வேலைக்குப் போதிய ஆள் இல்லை. மீட்டரிலும் யூரியா தெரியாது. கால்சியம் அதில் துளியும் கிடையாது. கால்சியம் இல்லாமல் வேர்நுனி கட்டப்படாது.

100 லிட்டருக்குக் கால்சியம் நைட்ரேட் 60 கிராம், 13:0:45 உரம் 35 கிராம், 0:52:34 உரம் 15 கிராம், மக்னீசியம் சல்பேட் 40 கிராம், செலேட் செய்த இரும்பு 12 சதவீதம் உள்ளது 2 கிராம், தண்ணீரில் முழுதாகக் கரையும் நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டில் சொன்ன அளவு. ஆர்.ஓ. தண்ணீரில் இது ஈ.சி. 1.4 அருகே வரும். நாற்றுக்குப் பாதியாகவும், வளர்ந்த கீரைக்கு முக்கால் பங்காகவும் நீர்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் நைட்ரேட்டை எப்போதும் தனி வாளியில் கரைத்து, மற்றவை முழு அளவுத் தண்ணீரில் நீர்த்தபின் கடைசியாக ஊற்ற வேண்டும். அடர் நிலையில் கலந்தால் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து சுண்ணாம்பு போலத் திரிந்து அடியில் படியும். சத்தும் போச்சு, ஃபாகரும் போச்சு. போர் தண்ணீர் பெரும்பாலும் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே போகும், உப்பையும் சேர்க்கும். மழைநீர் அல்லது ஆர்.ஓ. நல்ல நீர் கலந்து பயன்படுத்துங்கள். ஆர்.ஓ.வின் கழிவு நீர் வேண்டவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கரைசலை முழுதாக மாற்றி, பழையதை மண்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிடலாம். இடையில் அளவு குறைந்து ஈ.சி. ஏறியிருந்தால் வெறும் தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும்.

பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் மண்ணுக்குப் பொன். இந்தக் குழாய்க்குள் ஊற்றினால் ஒரே நாளில் ஃபாகர் அடைத்து, தொட்டி நாறும். தேங்காய்நார்க் கழிவில் முளைக்க வைத்த நாற்றும் அதே வேலையைச் செய்யும். துகள் உதிர்ந்து சுற்றி வரும். ஒரு அங்குல ஸ்பாஞ்சுத் துண்டில் விதை முளைக்க வைத்து அப்படியே கிண்ணத்தில் வையுங்கள். ஸ்பாஞ்சு எப்போதும் சொதசொதவென்று இருக்கக் கூடாது, தண்டு அங்கேதான் அழுகத் தொடங்கும். ஃபாகரின் முகம் கிண்ணத்தை நோக்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும். பம்புக்கும் ஃபாகருக்கும் நடுவே 200 மெஷ் வடிகட்டி. பித்தளை நாசிலும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) இணைப்பும் வேண்டாம், அமிலக் கரைசலில் செம்பும் துத்தநாகமும் கசிந்து வேர்நுனியைக் குட்டையாக்கும். பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். வாரம் ஒருமுறை ஃபாகரைக் கழற்றி, லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் அரை மணி ஊற வைத்தால் படிந்த சுண்ணாம்பு கரையும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாமா, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை விடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெராக்சைடு தண்ணீரைச் சில மணி நேரம் சுத்தமாக வைக்கும், அழுகிய வேரை மீட்காது, அளவு கூடினால் தூவிகளைப் பொசுக்கும். டிரைக்கோடெர்மாவுக்கு வந்த பலன்கள் ஒரே மாதிரி இல்லை. சூடு குறையாத தொட்டியில் அதை நம்பிப் பயனில்லை, பெராக்சைடோடு சேர்த்துப் போட்டால் அதுவும் செத்துவிடும். இரண்டில் எதுவும் சூட்டுக்கும் டைமருக்கும் மாற்று அல்ல.

இப்போதிருக்கும் செடிகளில், உருவினால் தோல் கழலும் வேர் பாதிக்கு மேல் உள்ளவற்றைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மற்றவற்றின் அழுகல் பகுதியைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, வெளி இலைகளையும் பாதி கிள்ளி, புதிய கரைசலைப் பாதி அடர்வில் கொடுத்து, மூன்று நாள் நிழலில் வையுங்கள். கழுத்தருகே புதிய வெள்ளை வேர் நான்கைந்து நாளில் எட்டிப் பார்த்தால் பிழைத்தது. பார்க்காவிட்டால் அமைப்பை முழுதாகக் காலி செய்து, வீட்டு ப்ளீச்சை லிட்டருக்கு 10 மில்லி கலந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு முறை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். ப்ளீச்சையும் மேலே சொன்ன சிட்ரிக் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். அடுத்த சுற்றுக்கு லெட்யூஸ் வேண்டாம். புதினாத் தண்டு எட்டுப் பத்து வாங்கி, கீழ்க் கணுக்களின் இலையைக் கிள்ளிக் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் தெரியும், சூட்டையும் ஓரளவு தாங்கும். புதிய டைமர் எண்களைச் சோதிக்க அதைவிட மலிவான செடி கிடைக்காது.